பத்தடி இறக்கினால் போதும்

— நிறுத்து ஃபாஜில்! இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தாத. கைய எடு அந்த வின்ச்சுலேர்ந்து.

— எடுத்துட்டேன் டீச்சரம்மா, எடுத்துட்டேன். லாக்கும் போட்டாச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, சாரத்து உச்சியில நிக்கிறேன். நீங்க போடுற சத்தத்துல கண்ணாடியெல்லாம் கிலுகிலுங்குது.

— யாரு உன்ன வரச் சொன்னது?

— சார்தாங்க போன் பண்ணினாரு. டீச்சரம்மாவுக்கும் தெரியும்னாரு. நாகூர்லேர்ந்து விடியக்காலையில பொறப்பட்டு வர்றேன்.

— எனக்குத் தெரியுமா? என்னங்க, எனக்குத் தெரியுமா? அரையாண்டுப் பரிச்சைன்னு மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டதால வந்தேன். இல்லேன்னா? சாயங்காலம் வந்து அண்ணாந்து பாத்துட்டு, சாண்ட்லியர் தானா நழுவிடுச்சு போலன்னு நெனைச்சுப்பேன்னு நெனைச்சீங்களா?

— எழில், மொதல்ல செருப்பக் கழட்டு. உக்காரு. கொஞ்சம் தண்ணி குடி.

— தண்ணி இருக்கட்டும். பதில் சொல்லுங்க. எதுக்குக் கழட்டுறீங்க?

— யாரு கழட்டுனா? கழட்டல. அது வந்து... கொஞ்சம் இறக்குறோம், அவ்வளவுதான். பத்தடி. பத்தடி இறக்கினாப் போதும்.

— பத்தடி இறக்கினா எங்க வந்து நிக்கும்? படிக்கட்டோட மொத திருப்பத்துல நிக்கும். கிழக்குச் செவுத்துல கண்ணாடி வச்ச பாகத்துக்குக் கீழ, செங்கச் செவுத்துக்குப் பின்னாடி. ரோட்டுலேர்ந்து ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாது. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?

— கூடத்துல உக்காந்து பாக்க நல்லாருக்கும்ல. இப்ப கழுத்து வலிக்க அண்ணாந்துல்ல பாக்க வேண்டியிருக்கு.

— இத்தன நாளா வலிக்காத கழுத்து இன்னிக்கு வலிக்குதா?

— தொடைக்கவும் வசதி. ஒட்டடை கிட்டடை...

— இந்த வீட்டுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீங்க ஒட்டடைக் குச்சியக் கையில எடுத்ததுண்டா? பேங்குல ஏசி ரூம்ல உக்காந்துட்டு வந்து எனக்கு ஒட்டடைப் பாடம் நடத்துறீங்க.

— சரி, பூச்சி வருதுல்ல? பொழுது சாஞ்சா கண்ணாடி பூரா பச்சைப் பூச்சி அப்பிக்கிது. காலையில கூட்டினா ஒரு மொறம் தேறுது.

— கூட்டுறது நானு. நான் அழுதனா? ஒண்ணு ஒண்ணாச் சாக்கு எடுத்து விடாதீங்க. நெசத்தச் சொல்லுங்க.

— டீச்சரம்மா, நான் குறுக்கப் பேசுறேன்னு நெனைச்சுக்காதீங்க. மேலயா கீழயான்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் என் வேலையப் பாப்பேன். நடுவுல தொங்க விட்டுட்டு நிக்கிறது சரக்குக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.

— அங்கயே நில்லு. சொல்லுறேன். இத வாங்கி மாட்டுறதுக்குள்ள நான் பட்ட பாடு இவருக்குத் தெரியுமா, கேளு. சென்னையில அந்தக் கடைக்காரன் என்னைய மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வ பாத்துட்டு, "உங்க ஊரு வீட்டுக்கு இவ்வளவு பெருசு எதுக்கு மேடம், இந்த உருண்ட மாடல எடுத்துக்குங்க"ங்கிறான். இவரும் பக்கத்துல நின்னுக்கிட்டுத் தலைய ஆட்டுறாரு. உருண்ட! ஐஸ்கிரீம் கடையில தொங்குமே, அது.

— அது அடக்கமா இருந்துச்சு எழில். அதான் சொன்னேன்.

— அடக்கமா இருந்தது போதும் எங்க குடும்பம். நான் பாத்ததுமே இதத்தான் எடுத்தேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் சரஞ்சரமா, வெளிச்சம் மழையா இறங்குற மாதிரி. இதுக்காகத்தான் மாடிப்படிய ரெண்டு மாடி ஒசரத்துக்குத் தொறந்து விடச் சொன்னேன். இதுக்காகத்தான் கிழக்குச் செவுத்துல மேல்பாதி பூரா கண்ணாடி வைக்கச் சொன்னேன். கான்கிரீட் போடுற அன்னைக்கு மேஸ்திரி, "ஃபேன் கொக்கி போதும்மா"ன்னான். வெயில்ல மேல்தளத்து நடுவுல நின்னேன். பீம் கம்பியோட சேத்து வளைச்சுக் கொக்கி கட்டுற வரைக்கும் ஒரு சட்டிக் கலவைய ஊத்த விடல.

— கொக்கி என்னவோ யானையையே கட்டலாங்க. அதுல கொறையே சொல்ல முடியாது.

— லாரி நம்ம தெரு முக்குத் திரும்பாம நின்னுச்சு. பெட்டி பெட்டியாத் தலையில தூக்கிட்டு வந்தாங்க. எங்கப்பா சொன்னாக் கேக்காம அவரும் ஒண்ணத் தூக்குறாரு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன்! அப்புறம் நாள் பூரா இதே கூடத்துல சம்மணம் போட்டு உக்காந்து, ஒவ்வொரு கண்ணாடியாத் தொடச்சுத் தொடச்சு இவன்கிட்ட நீட்டினாரு.

— மறக்க முடியுமாங்க? "பாத்து தம்பி, பாத்து தம்பி"ன்னுக்கிட்டே இருந்தாரு. தர்காவுல கந்தூரிக்கு வருசா வருசம் லைட்டுக் கட்டுற குடும்பம் நாங்க. சுச்சு போட்டதும் சனம் வாயப் பொளக்குறத நெறையப் பாத்துருக்கேன். ஆனா உங்க அத்தா சிரிச்ச மாதிரி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. அல்லா, கொழந்தப் புள்ள தோத்துச்சு.

— காதுல விழுந்துச்சா? அவரக் கேட்டீங்களா, இறக்கலாமான்னு? அப்பா எங்க போனாரு?

— வாக்கிங் போயிருக்காரு.

— உச்சி வெயில்லயா?

— மார்கழி வெயிலு ஒண்ணும் பண்ணாது. டாக்டர்தான் நடக்கச் சொல்லியிருக்காருல்ல.

— அவருக்காவது தெரியுமா நீங்க பண்ற காரியம்?

— தெரியாது. தெரிஞ்சா விட மாட்டாரு.

— அப்படிச் சொல்லுங்க! என்னைக் கேக்கல, எங்கப்பாவக் கேக்கல. பின்ன யாரக் கேட்டு இறக்குறீங்க? யாரு வந்து சொன்னது உங்ககிட்ட?

— யாரும் வரல.

— உங்க முகத்தப் பாத்தாத் தெரியல? பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு வேர்க்கும். இப்ப வேர்க்குது. மேலத்தெருவுலேர்ந்து எவனோ வந்து காதக் கடிச்சிருக்கான்.

— ஐயோ, தெருவ எதுக்கு இழுக்குற? ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. நானாப் பாத்தேன், நானா முடிவு பண்ணினேன்.

— எதப் பாத்தீங்க?

— வயல.

— எந்த வயல?

— நம்ம கண்ணாடிக்கு எதுத்தாப்புல இருக்குல்ல, அத. மாப்பிள்ளைச் சம்பா நட்டிருக்கு. ராத்திரி இருட்டு இருந்தாத்தான் அந்த நெல்லு கதிர் தள்ளும். நம்ம வெளிச்சம் ராத்திரி பூரா அது மேலதான் விழுது. விழுற எடத்துல மட்டும் கதிர் தள்ளல எழில். சுத்தி எல்லாம் வந்தாச்சு. அங்க ஒண்ணுகூட வரல.

— மெய்தாங்க. நான் மேல ஏறுனதுமே பாத்தேன், பூச்சி கீச்சி விழுந்துருச்சோன்னு நெனைச்சேன். வயலு பூரா கதிர் சாஞ்சு நிக்கிது. நடுவுல ஒரு எடம் மட்டும் பச்சப்பசேல்னு புல்லுக் கணக்கா நிக்கிது. நம்ம கண்ணாடிச் செவுத்த அளவெடுத்து வெட்டி வச்ச மாதிரி.

— ஏன் எழில் சிரிக்கிற?

— சிரிக்காம என்ன செய்ய? ஃபாஜில், நல்லாப் பாத்துச் சொல்லு. எம்புட்டு எடம் இருக்கும்?

— கால்வாசி இருக்குமுங்க. ஓரத்துலயும் கொஞ்சம் பச்ச தட்டுது.

— கால்வாசிதானா? பத்தாதே. நாளைக்கே இதுக்கு இன்னும் பவர் கூடுன பல்பாக் கொண்டாந்து மாட்டு.

— என்ன பேச்சுப் பேசுற நீ? நாத்து நட்டு வளந்த பொண்ணு பேசுற பேச்சா இது? பயிரு எழில். பயிரு என்ன பாவம் பண்ணுச்சு?

— பயிரு பண்ணல. வயலுக்குச் சொந்தக்காரன் பண்ணினான். அது யாரு வயலு? அச்சுதன் வயலு. கல்யாணம் ஐயா பெத்த அச்சுதன். எங்கப்பா அதுல மாடு மாதிரி ஒழச்சாரு. எங்கம்மா காத்தாயி அதுலதான் நட்டா, களை எடுத்தா, அறுத்தா. அந்தச் சேத்துல நின்னு நின்னுதான் காலு வெந்து செத்தா. அறுப்பு முடிஞ்சாக் களத்துல நெல்லு மலையாக் கெடக்கும். எங்களுக்கு? கூட்டி அள்ளுன மண்ணும் பதரும். இப்ப அந்த வீட்டு நெல்லு கதிர் தள்ளலைன்னு உங்களுக்குத் தூக்கம் வரலையா?

— பழசு வேற, இது வேற.

— ஒண்ணும் வேற இல்ல. உங்களுக்கு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல, இப்பக் கேட்டுக்குங்க. அந்த வீட்டு மாடிப்படியில ஒரு சரவிளக்கு தொங்கும். வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் ஏத்துவாங்க. எனக்கு ஏழெட்டு வயசு. அம்மா பாத்திரம் கழுவப் போனா, நானும் கூடப் போனேன். பொறவாசல் தொறந்திருந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் செய்யல. வெளிச்சம் செவுரெல்லாம் ஓடுது, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். உள்ளேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. திட்டக்கூட இல்ல. என் முகத்துக்கு நேராக் கதவச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

— எழில்...

— திட்டியிருந்தாலாவது மறந்திருப்பேன். நாய் நுழஞ்சிடும்னு சாத்துவாங்கல்ல, அப்படிச் சாத்தினாங்க. அன்னைக்கு நெனைச்சதுதான் இந்தக் கண்ணாடி. என் வீட்டு வெளிச்சத்துக்குக் கதவு கெடையாது. ரோட்டுல போற எவனும் பாக்கலாம், எந்தப் புள்ளையும் நின்னு பாக்கலாம். அதனாலதான் விடிய விடிய எரியுது. அதப் போயி செவுத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறீங்களே, உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?

— ஒளிச்சு வைக்கணும்னு இல்ல. தை வரைக்கும்தான். அறுப்பு முடியட்டும், மறுபடி ஏத்திடலாம். இப்ப இருட்டுக் கெடச்சாக்கூட பாதியாவது கதிர் வந்துரும்.

— வர வேணாம்!

— கத்தாத.

— கத்துவேன். என் வீட்டுல நான் கத்துவேன். ரெண்டு வருசமா அந்த வயலு தரிசாக் கெடந்துச்சு. கருவேலங்கன்னு மொளச்சுக் கெடந்துச்சு. அவங்க மெட்ராசுல உக்காந்துக்கிட்டு ஊர்ப் பக்கமே எட்டிப் பாக்கல. நம்ம வீடு எழும்பி நிக்கிதுன்னு தெரிஞ்சதும் திடீர்னு உழவு ஓட்டுறாங்க, வெளியூர் ஆள வச்சு நடவு நடுறாங்க. எதுக்கு? எங்க கண்ணுக்கு எதுத்தாப்புல, "இன்னமும் நாங்கதான்டா இங்க"ன்னு காட்டத்தானே?

— அப்படி இல்ல. அந்த வயல்ல பாடுபடுற மனுசன் அப்படிப்பட்டவரு இல்ல. அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. நாமதான் பாத்துச் செய்யணும்.

— கேக்கவே வேணாமா? அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நாம குனிஞ்சிடணுமா? எங்கப்பன் குனிஞ்சாரு, சோத்துக்கு இல்லாமக் குனிஞ்சாரு. நீங்க எதுக்குங்க குனியிறீங்க? உங்களுக்கு அறிவுச்செல்வன்னு பேரு வச்ச மனுசன் இத எதுக்குத்தான் வச்சாரோ!

— என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா இந்த ஒண்ணு மட்டும் என் பேச்சக் கேளு. நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல.

— அந்த வீட்டுக்காகக் கேக்குறீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. எங்கப்பாவ நெனைச்சுப் பாத்தீங்களா? ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு, எங்கம்மா படத்து மேல கைய வச்சு சத்தியம் வாங்கினேன். இனிமே எந்தச் சேத்துலயும் கால வைக்க மாட்டேன்னு. அழுதாரு. ஆனா பண்ணிக் குடுத்தாரு. அவரு கால ஆட்டிக்கிட்டு இந்த விளக்குக்கு அடியில உக்காந்து டிவி பாக்கணும், அதுக்குத்தான் இந்த வீடு. அந்த மனுசன் கண்ணு முன்னாடி அச்சுதனுக்காக விளக்க இறக்குனா அவரு மனசு என்ன பாடுபடும்?

— அவரு மனசு எனக்குத் தெரியும் எழில். உன்னவிடத் தெரியும்.

— என்னவிடத் தெரியுமா? என்ன தெரியும்?

— ஒண்ணுமில்ல. சொல்ல முடியாது. வாக்குக் குடுத்துருக்கேன்.

— யாருக்கு? ஓஹோ. அந்த அளவுக்குப் போயாச்சா? எனக்குத் தெரியாம அச்சுதனுக்கு வாக்குக் குடுத்தாச்சா? ஃபாஜில்!

— சொல்லுங்க.

— ஏத்து. பழைய எடத்துக்கு. ஒரு அங்குலம் கொறையக் கூடாது.

— சார்...?

— அவரப் பாக்காத. என்னைப் பாரு. ஏத்து.

— பிஸ்மில்லா. ஏத்துறேங்க. சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணாடி ஒண்ணோட ஒண்ணு மோதுது.

— ஏத்திட்டு சுச்சையும் போடு. பகல்லயும் எரியட்டும். நான் அதுக்குள்ள ஒரு போன் பேசிக்கிறேன்.

— யாருக்கு? எழில், யாருக்குப் போடுற?

— கோயில் கும்பாபிஷேக வாட்ஸப் குரூப்புல எல்லாரு நம்பரும்தான் இருக்கு. அச்சுதன்னு தேடினா வருது.

— வேணாம். எழில், உன் காலப் புடிக்கிறேன், அந்தப் போன வை. அவர்கிட்டப் பேசாத.

— ஏன், நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சது வெளிய வந்துருமா? ஸ்பீக்கர்லயே போடுறேன். நீங்களும் கேளுங்க, ஃபாஜிலும் கேக்கட்டும்.

— ஹலோ? யாரு பேசறது?

— நான் எழில்மொழி. இராஜாங்கத்தோட மக.

— அடடே, எழிலா! சௌக்கியமா இருக்கியாம்மா? வீடு போட்டோ குரூப்புல பாத்தேன், பிரமாதமாக் கட்டியிருக்கேள். கிரகப்பிரவேசத்துக்குக் கட்டாயம் வரணும்னுதான் இருந்தேன். என் ஆத்துக்காரி காமுவுக்கு முட்டியில ஆபரேஷன் ஆயிடுத்து, அதான்...

— அதெல்லாம் இருக்கட்டும். எங்க வீட்டு விளக்கு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுது?

— விளக்கா? எந்த விளக்கு?

— தெரியாத மாதிரிப் பேசாதீங்க. எங்க மாடிப்படியில எரியிற விளக்கு. அந்த வெளிச்சத்துல உங்க வயல்ல கதிர் தள்ளலையாமே? அத இறக்கச் சொல்லி என் புருசன்கிட்ட வாக்கு வாங்கியிருக்கீங்களாமே?

— எழில், நிறுத்து. ஐயா, நீங்க போன வச்சிடுங்க, நான் அப்புறமாப் பேசுறேன்.

— நீங்க பேசாதீங்க. கேளுங்க சார். உங்க அப்பா காலத்துல எங்க வீட்டுல விளக்கு எரிஞ்சா எண்ணெ ஏதுன்னு கேள்வி வரும். இப்ப அந்தக் காலம் இல்ல. உங்க நெல்லு வெளஞ்சா என்ன, கருகினா என்ன? இந்த விளக்கு அங்கயேதான் எரியும். ராத்திரி பூரா எரியும். அடுத்த வருசமும் எரியும். உங்களால ஆனதப் பாத்துக்குங்க.

— எனக்கு ஒண்ணுமே புரியலையேம்மா. ஏன் இவ்வளவு கோவமாப் பேசறே? நான் யார்கிட்டயும் எந்த வாக்கும் வாங்கலை. உங்காத்துக்காரரோட நான் பேசினதே கெடையாது. அந்த நெல்லே என்னோடது இல்லையே.

— வயலு உங்களுது, நெல்லு மட்டும் எப்படி உங்களுது இல்லாமப் போகும்?

— நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டேன். ஆடியில அவரே போன் பண்ணினார். தரிசாக் கெடக்கறதப் பாத்தா மனசு கேக்கலை, பயிர் வச்சுக்கறேன்னார். கொரல் நடுங்கறது, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுத்து. சரி, வச்சுக்கோங்கோன்னுட்டேன். அதுக்கப்புறம் வெளஞ்சுதா இல்லையான்னுகூட நான் கேட்டுக்கலை.

— அப்ப அந்த ஆளுக்கு வாய் இல்லையா? என் புருசன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எதுக்குப் பேசணும்? கதிர் போச்சுன்னா நேரா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "விளக்க அணைம்மா"ன்னு என் முகத்தப் பாத்துக் கேக்கச் சொல்லுங்க!

— வாசலுக்கு எங்கேர்ந்தும்மா வரச் சொல்றது? உங்க அப்பா உங்க வீட்லதானே இருக்கார்?